பியூஸ் போடாத தாய்மாமன்

என்னிடம் இருபத்தாறு வருடத்து நாட்குறிப்புகள் இருக்கின்றன. ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. காய்ச்சலில் சுருண்டு கிடந்த நாட்களில்கூட "காய்ச்சல்" என்று ஒரு சொல்லாவது எழுதிவிட்டுத்தான் மறுபடி சுருண்டிருக்கிறேன். நான் பார்த்த வேலை அப்படி. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பு, இறப்புப் பதிவு. (எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் அதை "எத்தா சிவில்" என்றுதான் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், அவன் ரிஜிஸ்தர் போகவில்லை.) "ஆடி அமாவாசைக்கு மறுநாள் பொறந்தான் சார்" என்று வந்து நிற்பவர்களிடம் தேதியைக் கறந்து கறந்தே பழகியவன் நான்.

இப்பேர்ப்பட்டவனுடைய நாட்குறிப்பில் ஒரே ஒரு பக்கத்துக்குத் தேதி கிடையாது. தேதி அச்சடித்திருந்த மூலையில் பாதாம் கொட்டை அளவுக்கு ஓட்டை. ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு. பேட்டரி ஆசிட் தின்றது. அழைப்பிதழை எடுத்துப் பார்த்துத் தேதியை ஓரத்தில் எழுதிவிடலாம்தான். பன்னிரண்டு வருடமாக எழுதவில்லை. அன்றைக்கு நான் செய்த காரியத்துக்கு அந்த ஓட்டையே சரியான பதிவு என்று விட்டுவிட்டேன்.

ஓட்டைக்குக் கீழே என் கையெழுத்தில் முதல் வரி இப்படி இருக்கிறது: "காலை 7.40. கிளம்பினோம். எல்லாம் கணக்குப்படி."

கணக்கு என்ன என்று சொல்வதற்கு முன் காரைச் சொல்ல வேண்டும்.

அது அப்பாவின் அம்பாசிடர். என்னைவிட இரண்டு வயது மூத்தது. புதுச்சேரி டவுனில் நொத்தேராக, அதாவது பத்திரம் எழுதிப் பதிகிறவராக, இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து அப்பா வாங்கியது. வாங்கும்போதே நடுத்தர வயது. கரிக்கலாம்பாக்கத்தில் எங்களுக்குக் கரும்பும் நெல்லும் இருந்தன. கார் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவை இல்லை. ஆனாலும் அப்பா வைத்திருந்தார். அந்தக் காரில் எல்லாமே நன்றாக இருந்தது, பேட்டரி தவிர. புது பேட்டரி போட்டாலும் ஒரு மழைக்காலம் தாண்டாது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும்போதெல்லாம் நானும் என் தங்கை மலரும் சீருடையோடு பின்னால் போய் நின்று தள்ளுவோம். அவள் இடது விளக்குப் பக்கம், நான் வலது விளக்குப் பக்கம். வண்டி ஒரு இருமல் இருமிக் கிளம்பியதும் ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டும். அப்பா நிறுத்த மாட்டார். நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டுமே.

அந்தக் காருக்கு ஒரு சத்தம் உண்டு. நாலு தப்படிக்கு ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்கிற மாதிரி. அப்பா கரும்பு ஆலையிலிருந்து திரும்பும்போது இரண்டு தெரு தள்ளியே அது கேட்கும். மலர் உடனே, "அப்பா வந்துட்டாரு" என்று வாசலுக்கு ஓடுவாள். எனக்குக் கேட்காது. நான் ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன்.

மலரை மடுகரையில் கொடுத்தோம். அவள் கணவர் குமரவேல் விவசாயம், சொந்த டிராக்டர். அவர்களுடைய மகள் யாழினிக்கு மூன்று வயது ஆகும்போது அப்பா போய்ப் பத்து மாதம். காதணி விழா வைத்தார்கள். தாய்மாமன் நான் ஒருவன்தான். சீர்வரிசைத் தட்டுகளோடு போய், குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொண்டால்தான் காது குத்துவார்கள். தட்டில் என்ன வைக்க வேண்டும் என்று கேட்க மலருக்குப் போன் செய்தேன்.

"எத்த வேணாலும் வையி ணா. தட்டே இல்லாம வந்தாலும் பரவால்ல. அப்பா வண்டியில வா, அது போதும். அவரு மடியில ஒக்காந்து பாக்க வேண்டிய கொழந்தை. அவருதான் இல்ல. வண்டியாவது வாசலுக்கு வரட்டும்."

இவ்வளவுதான் அவள் கேட்டது. அதை மட்டும் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

ஆனால் நான் யோசித்தேன். (படித்தவன் யோசிக்கக் கூடாத இடங்கள் சில உண்டு.) அந்தச் சமயத்தில் எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் ஊரே அதிர வேண்டும் என்று ஒரு வழக்கம் ஏறிக்கொண்டிருந்தது. டெம்போ முழுக்க ஸ்பீக்கர் அடுக்கிக்கொண்டு வந்தான் ஒரு மாமன். குதிரையில் வந்தான் இன்னொருவன். நான் வெறும் காரில், அதுவும் செருமுகிற காரில் போய் இறங்கினால் தங்கைக்கு என்ன பெருமை? காருக்கு ஸ்டீரியோ வைப்பது என்று முடிவு செய்தேன். குமரவேலுக்கும் சொல்லிவிட்டேன்: "மேளக்காரங்களுக்குச் சொல்ல வேணாம் மாப்ள. மியூசிக் என் பொறுப்பு."

வில்லியனூரில் தனசேகர் என்று ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன். எலும்பும் தோலுமாக இருப்பார், வாயில் எப்போதும் ஒரு வயர் துண்டு. பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, நோயாளியின் உறவினரிடம் பேசுகிற டாக்டர் மாதிரி என்னைத் தனியாக அழைத்தார்.

"இன்னாண்ணே இது, டைனமோ வண்டியா இருக்குது. இப்ப வர்ற வண்டிங்க மாதிரி இல்ல. ஓடுனாத்தான் கரண்டு குடுக்கும். நின்னுச்சுன்னா, இல்ல உருட்டிக்கினு போனீங்கன்னா, ஒண்ணியும் வராது. எல்லாத்தியும் பேட்டரிதான் தாங்கணும். சின்னதா ஒரு ரேடியோ வெச்சிக்கங்க, தாங்கும். சத்தத்த ஏத்துற ஆம்பு, டம்முனு அடிக்கிற ஊஃபர் எல்லாம் வேணாம்."

"ஆம்பு, ஊஃபர் ரெண்டும் வேணும்" என்றேன்.

"வேணும்னா தனி வயர் இழுக்கணும். பேட்டரியில இருந்து நேரா. பழைய வயரிங்ல சொருவுனா நூல் மாதிரி எரிஞ்சி பூடும். பேட்டரிக்கிட்ட ஒரு ஜாண் தூரத்துக்குள்ள பியூஸ் ஒண்ணு. தகட்டுல ஓட்டை போட்டு வயர் உள்ள வர்ற எடத்துல ரப்பர் ஒண்ணு. இது ரெண்டும் இல்லாம நான் கனெக்ஷன் குடுக்க மாட்டேண்ணே. கோவிச்சிக்காதீங்க."

எனக்குக் கோபமே வரவில்லை. உற்சாகம்தான் வந்தது. நூலகத்துக்குப் போய் மோட்டார் மின்சாரம் பற்றி மூன்று புத்தகங்கள் எடுத்துவந்தேன். ஒரு வாரத்தில் மூன்றையும் படித்து, நான்கு பக்கத்துக்கு அட்டவணை போட்டேன். டைனமோ எத்தனை ஆம்பியர் தரும், இஞ்சினுக்கு எவ்வளவு போகும், ஆம்பு எவ்வளவு இழுக்கும், சத்தத்தைப் பாதிக்குமேல் ஏற்றினால் எவ்வளவு. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் பேட்டரியை எட்டிக்கூடப் பார்க்க வேண்டியதில்லை என்று வந்தது. அடியில் "பாதுகாப்பானது" என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். தனசேகரிடம் காட்டினேன். அவர் வாயிலிருந்த வயர் துண்டை எடுத்துவிட்டு நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் பார்த்தார்.

"எழுத்து முத்து மாதிரி இருக்குதுண்ணே" என்றார். வயர் துண்டை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

ஸ்பீக்கர் பொருத்தினார். டிக்கியில் ஆம்ப்பும் ஊஃபர் பெட்டியும் வைத்தார். ஊஃபர் பெட்டி பெரியது. டிக்கியில் இருந்த ஜாக்கியையும், வண்டியை முன்னாலிருந்து சுற்றிக் கிளப்புகிற ஹேண்டிலையும் வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. பேட்டரியிலிருந்து விரல் தடிமனுக்கு ஒரு சிவப்பு வயரை இழுத்து, முன் தகட்டில் ஓட்டை போட்டு உள்ளே கொண்டுவந்து, இரண்டு நுனியையும் சுருட்டி டேப் ஒட்டிவிட்டார். அந்தத் தடிமனுக்கு ஏற்ற பியூஸும் ரப்பரும் அவர் கடையில் இல்லை. டவுனிலிருந்து திங்கட்கிழமை வரும் என்றார்.

விழா ஞாயிற்றுக்கிழமை.

சனிக்கிழமை மதியம், என் வீட்டு வாசலில், என் கையால், நானே அந்த வயரைப் பேட்டரியில் முடுக்கினேன். பியூஸ் இல்லை, ரப்பர் இல்லை. "ஒரு நாள்தானே" என்று சொல்லிக்கொண்டேன். பியூஸ் எதற்கு என்று நான் படித்த மூன்று புத்தகத்திலும் ஒரு அத்தியாயமே இருந்தது. அதிலிருந்து குறிப்பெல்லாம் எடுத்திருந்தேன்.

என் மனைவி அமுதா வாசற்படியில் உட்கார்ந்து தட்டுகளுக்கு வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அந்த ஹேண்டிலையாவது பின்சீட்டுல போட்டுக்கங்களேன். உங்க அப்பா அது இல்லாம தெருமுனை கூடத் தாண்ட மாட்டாரு" என்றாள்.

"அதெல்லாம் கணக்குப் போட்டாச்சு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை 7.40. மேலே சொன்ன முதல் வரி. காரில் நானும் அமுதாவும். பின்னால் வேனில் உறவினர்களும் இருபத்தொரு தட்டுகளும். பென்டிரைவில் தாய்மாமன் பெருமை சொல்லும் பாட்டாகப் பார்த்து முப்பத்திரண்டு பாட்டு. மடுகரைக்குப் போகும் பாதையில் புதுச்சேரி எங்கே முடிந்து தமிழ்நாடு எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒயின் ஷாப்பை வைத்துத்தான் எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு அரசாங்கத்து வயல்களும் என் பாட்டைக் கேட்டன. கொக்குகள் எழுந்து பறந்தன. டாஷ்போர்டு நடுங்கியது. கணக்குப் போட்டபடியே நாற்பதில் போனேன். எல்லாம் பிரமாதமாக இருந்தது. "8.05. ஊர் எல்லை. பேட்டரி நலம்" என்று எழுதி, நாட்குறிப்பைப் பின்சீட்டில் வைத்தேன்.

நான் மறந்தது ஒன்றே ஒன்று. அதை மறக்க, சீர் என்றால் என்ன என்று பிறந்ததிலிருந்து தெரிந்த ஒருவனால்தான் முடியும்.

மாமன் சீர் நேரே வீட்டுக்குப் போய் இறங்காது. ஊர் எல்லைப் பிள்ளையார் கோயிலில் நிற்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வந்து ஆரத்தி எடுத்து அழைக்க வேண்டும். அப்புறம் மாமன் வண்டி முன்னால் போக, தட்டு ஏந்திய பெண்கள் பின்னால் நடந்து வர, மூன்று தெருவையும் சுற்ற வேண்டும். பங்காளிகள் வீட்டு வாசலில் எல்லாம் ஒரு நிறுத்தம். அதாவது, என் கார் மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் போகாது. முழங்கால் வலியோடு முறுக்குத் தட்டு தூக்கி வருகிற பெரியம்மாக்களின் வேகத்தில் போகும்.

நான்கு பக்க அட்டவணையில் பெரியம்மாக்களுக்குக் கட்டம் இல்லை.

ஒன்பது மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. நான் ஓட்டினேன் என்பதைவிட, பிரேக்கிலேயே நின்றுகொண்டு போனேன் என்பது சரி. டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. டைனமோ வேலை செய்யவில்லை என்பதற்கான விளக்கு. அப்பா அதைப் பார்த்தால் ஹெட்லைட், வைப்பர் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அணைத்துவிடுவார். எனக்கும் அது தெரியும். ஆனால் முதல் தெருவில் ஜனங்கள் வாசலுக்கு வந்து பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். மாடியிலிருந்துகூட எட்டிப் பார்த்தார்கள். நான் அணைக்கவில்லை. இரண்டு படி ஏற்றினேன்.

இரண்டாவது தெரு திரும்பியதும் அது நடந்தது. ஊஃபர் "டம்" என்று ஒரு அடி அடித்தது. ஸ்டீரியோவின் விளக்கெல்லாம் அணைந்து பாட்டு நின்றது. மறு நொடி தானாக உயிர் வந்து, ஒரு பெண் குரல், "வெல்கம்" என்றது. பாட்டு தொடங்கியது. டம். அணைந்தது. "வெல்கம்." டம். "வெல்கம்."

பேட்டரி வற்றிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் ஸ்டீரியோ செத்துச் செத்துப் பிறந்துகொண்டிருந்தது. பிறப்பும் இறப்பும் பதிவு செய்கிறவன் காரில் இது நடந்தது.

வாசலில் நின்ற ஒரு அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது: "இன்னாடி இது, வா வான்னு கூப்புட்டுக்கினே கீது, ஒரு பாட்டு கூட பாட மாட்டேங்குது?"

நாலைந்து வெல்கமுக்குப் பிறகு இஞ்சினும் இருமி நின்றது. ஊர்வலம் நின்றது. மேளமும் இல்லை, நான்தான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேனே. ஒரு தெரு முழுக்க, இருபத்தொரு தட்டுக்குப் பின்னால், அப்படி ஒரு அமைதி.

"ஹேண்டில் போட்டுச் சுத்துங்க" என்றாள் அமுதா. அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

மணி 9.25. பத்தரைக்குள் காது குத்த வேண்டும். ஆசாரி பந்தலில் உட்கார்ந்துவிட்டார் என்று வேறு யாரோ வந்து சொன்னார்கள். குமரவேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, "தள்ளிப் பாக்கலாம் மச்சான்" என்றார். தள்ளினால் ஊர் சிரிக்கும் என்று எனக்குப் பட்டது. (அதுவரை ஊர் சிரிக்கவில்லை என்று நான் எப்படி நம்பினேன் என்று தெரியவில்லை.) "உங்க டிராக்டர் பேட்டரி இருக்குமே மாப்ள?" என்றேன்.

நல்ல மனிதர். மறு பேச்சில்லாமல் போய் டிராக்டர் பேட்டரியைக் கழற்றித் தோளில் வைத்துக் கொண்டுவந்தார். என் காரின் பழைய பேட்டரியை எடுத்து, துண்டு விரித்துப் பின்சீட்டில் வைத்தார். துண்டுக்குக் கீழே என் நாட்குறிப்பு.

"பாட்ட அணைச்சிட்டு மாட்டலாமா மச்சான்?"

"வேணாம் மாப்ள. உயிர் வர்றப்பவே பாட்டும் வரட்டும்."

டிராக்டர் பேட்டரி பெரியது. அதன் இடத்தில் உட்காரவில்லை. முனை வேறு மறுபக்கம் இருந்தது. சிவப்பு வயர் எட்டவில்லை. நான் அதைப் பிடித்து ஒரு இழு இழுத்து, எட்டவைத்து, மாட்டினேன். ஜம்மென்று போய் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தேன்.

காலையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் குலுக்கலில், ரப்பர் இல்லாத அந்தத் தகட்டு ஓட்டையின் விளிம்பு வயரின் தோலை அறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. மிச்சமிருந்த தோலை என் இழுப்பு உரித்துவிட்டது. செம்பு தகட்டைத் தொட்டது. முழு உயிரோடு இருக்கும் டிராக்டர் பேட்டரி, நடுவில் நிறுத்த ஒரு பியூஸ் கிடையாது.

டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து முதலில் ஒரு வாசனை வந்தது. அப்புறம் புகை. சாம்பிராணி போட்டது மாதிரி சுருள் சுருளாக. நான் செய்தது என்ன தெரியுமா? மூன்று புத்தகம் படித்தவன், "பியூஸ்... பியூஸ்..." என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அமுதா என் பக்கத்துக் கதவைத் திறந்து சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அதே நேரம் குமரவேலின் அத்தை, ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றவர், "ஐயோ, வண்டி பத்திக்கிச்சு" என்று கத்திக்கொண்டு, கையில் இருந்த ஆரத்தியை அப்படியே என் பக்கமாக வீசினார். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர். அதில் பாதி டாஷ்போர்டுக்குப் போனது. மீதி என் முகத்துக்கும் வெள்ளைச் சட்டைக்கும்.

நெருப்பை அணைத்தது அது இல்லை. குமரவேல் தலைப்பாகையைக் கையில் சுற்றிக்கொண்டு, பேட்டரி முனையிலிருந்து அந்த வயரை ஒரே பிடுங்காகப் பிடுங்கி எறிந்தார். அவ்வளவுதான். புகை மெல்ல அடங்கியது. அவர் உள்ளங்கையில் மட்டும் ஒரு கோடு சிவந்திருந்தது. பியூஸ் செய்ய வேண்டிய வேலையைத் தங்கை புருஷன் செய்தார்.

கார் எரியவில்லை. ஆனால் டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த பழைய வயரெல்லாம் சேர்த்து உருகிப்போய்விட்டது. இனி எந்த பேட்டரி போட்டாலும் அன்றைக்கு அது கிளம்பாது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா போய்ப் பத்து மாதத்தில் அவருடைய காரை நான் எரிக்கப் பார்த்திருக்கிறேன். தங்கை கேட்டது ஒன்றே ஒன்று, அது இரண்டு தெரு தள்ளிப் புகைந்துகொண்டு நிற்கிறது. மணி 10.05.

"வண்டி இங்கியே கெடக்கட்டும். தட்டை எடுத்துக்கினு நடங்க, நேரம் ஆவுது" என்றார் ஒரு பெரியவர். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். நியாயம்தான். நான் தலையாட்டிவிட்டேன்.

அப்போது மலர் வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. பந்தலிலிருந்து யாரிடமும் சொல்லாமல் ஓடி வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள். சிவப்புச் சட்டை, கரி அப்பிய கை. காரைப் பார்த்தாள். பானெட் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இது நம்ம வண்டியா ணா?"

நான் கரிக்கையைச் சட்டையில் துடைத்தேன்.

"காலையிலேர்ந்து காதைத் தீட்டிக்கினு ஒக்காந்திருந்தேன். வண்டி சத்தம் இப்பக் கேக்கும், அப்பக் கேக்கும்னு. ஏதோ துணிக்கடை வெளம்பர வண்டி சுத்துது, இந்தச் சனியன் ஓயட்டும், அப்பதான் நம்ம வண்டி சத்தம் கேக்கும்னு திட்டிக்கினு இருந்தேன். அது நீதானா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் கேட்ட ஒரே சத்தத்தின் மேல் நான் முப்பத்திரண்டு பாட்டை ஏற்றி மூடிக் கொண்டுவந்திருக்கிறேன்.

"மன்னிச்சிக்க மலர். கிளம்பாது. நடந்து போயிடலாம்" என்றேன்.

"என்னிக்கு அது தானா கிளம்பிச்சு?" என்றாள். புடவை முந்தானையை இடுப்பில் செருகினாள். நேரே பின்னால் போனாள். இடது விளக்குப் பக்கம் நின்று, இரண்டு கையையும் டிக்கியில் ஊன்றினாள். "மாமா, நீங்க ஏறி ஸ்டீயரிங்க புடிங்க. ணா, வா. ஒன் எடத்துக்கு வா."

குமரவேல் ஏறிக்கொண்டார். நான் வலது விளக்குப் பக்கம் போய் நின்றேன்.

அந்தப் பெரியவர் பதறினார். "தாய்மாமன் வண்டியில வரணும்பா. தாய்மாமன் வண்டியைத் தள்ளிக்கினு வரக்கூடாது."

"எங்க வூட்டு வண்டிக்கு அதான் மொறை பெரியப்பா" என்றாள் மலர்.

தள்ளினோம். அந்தக் கார் கனம். பத்து தப்படிக்குள் எனக்கு மூச்சு வாங்கியது. தலையைக் குனிந்தபடியே, பக்கத்திலிருந்து அவள் கேட்டாள்: "கணக்குப் பரீட்சை அன்னிக்கு மழையில தள்ளுனமே, ஞாபகம் இருக்கா? அப்பா நம்மள வுட்டுட்டே போயிட்டாரு."

"ஸ்கூல் போய்த் திரும்பிப் பாத்திருக்காரு. பின்சீட்டு காலி."

"திரும்ப வந்து இன்னா கேட்டாரு?"

"ஏன் ஏறல-ன்னு."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் தள்ள முடியாது. எனக்கும் வந்துவிட்டது. தட்டுகளை வேறு ஆட்களிடம் கொடுத்துவிட்டு நாலு பெண்கள் தள்ள வந்தார்கள். பெரியவரும் முனகிக்கொண்டே ஒரு கை வைத்தார். மேளம் இல்லை, பாட்டு இல்லை. டயர் உருள்கிற சத்தமும் ஜனங்கள் மூச்சு விடுகிற சத்தமும் மட்டும். அப்பா வண்டி, 10.20 மணிக்கு, தங்கை வாசலில் வந்து நின்றது. அவள் கையை எடுக்காமல் டிக்கியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். சிரிப்பு நின்றிருந்தது. நான் ஒரு படி தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

அப்புறம் யாழினியை என் மடியில் உட்கார வைத்தார்கள். அவளுக்கு என்னைத் தெரியும், வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுகிற மாமா. அந்த மாமா வேறு. இந்த மாமாவுக்கு முகமெல்லாம் சிவப்பு, கழுத்தில் கரி, உருகிய ரப்பர் வாசனை. என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். வீறிட்டாள்.

"நான் இன்னும் ஊசியே எடுக்கலியேம்மா" என்றார் ஆசாரி.

இடது காது ஒருவழியாகச் சரியாக முடிந்தது. வலது காதுக்கு வரும்போது, அழுகிற குழந்தை மறுபடி என் முகத்தைத் திரும்பிப் பார்த்துத் துள்ளியது. ஊசி குறித்த இடத்துக்கு ஒரு நெல் மேலே இறங்கியது. போட்டோகிராபர் சரியாக அந்த நேரத்தில் படம் எடுத்தார். ஆல்பத்தின் முதல் பக்கம் அதுதான்.

திங்கட்கிழமை தனசேகர் மடுகரைக்கே வந்தார். கையில் பியூஸும் ரப்பரும். உருகிய வயர் கொத்தை வெளியே இழுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அந்த நாலு பக்கம் பேப்பரு இருக்குதாண்ணே?" என்று மட்டும் கேட்டார். மூன்று நாள் உட்கார்ந்து முழு வயரிங்கையும் புதிதாக இழுத்தார். ஊஃபர் பெட்டியை எடுத்துவிட்டு, சின்ன ஸ்பீக்கர் இரண்டு. பேட்டரியிலிருந்து ஒரு ஜாணுக்குள் பியூஸ். ஓட்டைக்கு ரப்பர். சிவப்பு விளக்கு எரிந்தால் ஸ்டீரியோ தானாக அணைந்துவிடுகிற மாதிரி ஒன்று செய்துவைத்தார். "நீங்க அணைக்க மாட்டீங்கண்ணே" என்றார். டிக்கியில் ஹேண்டில் அதன் பழைய இடத்துக்கு வந்தது.

யாழினிக்கு இப்போது பதினைந்து. எந்த ஜிமிக்கி போட்டாலும் ஒன்று மேலே, ஒன்று கீழே தொங்கும். நகைக்கடையில் யாராவது கண்ணாடியைச் சரிசெய்யப் போனால், "கண்ணாடி சரியாத்தான் இருக்கு. இது எங்க மாமா வால்யூம் ஏத்துன காது" என்பாள். எங்கள் வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும், பரீட்சைக்குப் போனாலும், பெண் பார்க்கப் போனாலும், வாசல்வரை வந்து கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பியூஸ் போட்டாச்சா?"

கார் இன்னும் ஓடுகிறது. மாதம் ஒருமுறை மடுகரை போகிறேன். வழியெல்லாம் பாட்டு உண்டு, மெதுவாக. அவர்கள் ஊர் எல்லை வந்ததும் அணைத்துவிடுவேன். இரண்டு தெரு, வெறும் இஞ்சின். நாலு தப்படிக்கு ஒரு செருமல். நான் வளைவு திரும்புவதற்குள் மலர் வாசலில் வந்து நின்றிருப்பாள். இதுவரை ஒருமுறைகூடத் தவறவில்லை; அதற்குத் தேதிவாரியாக என்னிடம் பதிவு இருக்கிறது.